வட்டம் நிறைந்த அட்டை

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலையில் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் அடுப்பு எரியாது. மஞ்சள் அட்டைக்காரர்கள் வெறும் வயிற்றோடு விரலைக் குத்தி, ஒரு பொட்டு ரத்தத்தை அட்டையின் வட்டத்தில் வைத்து, அது காய்ந்த பிறகுதான் டீ குடிக்க வேண்டும். பச்சை அட்டை வீடுகளிலிருந்து மட்டும் இஞ்சி தட்டிப் போட்ட டீயின் வாசனை கிளம்பும். மற்றவர்கள் அதை முகர்ந்துகொண்டே திட்டுவார்கள்.

குத்துகிற கருவி பேனா அளவுதான். அமுக்கினால் போதும். ஆனாலும் தன் விரலைத் தானே குத்திக்கொள்ளும் நேரத்தில் கை பின்வாங்கிவிடும். அதனால் பெண்கள் தில்ஷாத்தின் வாசலில் வரிசையாக வந்து நிற்பார்கள். அவளுக்குக் கைராசி உண்டு என்பது தெருவின் நம்பிக்கை.

"குத்தறதுக்கு முன்னாடியே கத்தறியே, மூணு புள்ளய எப்டி பெத்த நீ?" என்பாள் தில்ஷாத். அந்தப் பெண் சிரிக்கும்போது குத்தி முடித்திருப்பாள்.

தில்ஷாத் பச்சை அட்டைக்காரி. அவள் விரலை இதுவரை யாரும் குத்தியதில்லை.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி இருந்த காலணித் தொழிற்சாலையில்தான் அந்தத் தெரு முழுக்க வேலை செய்தது. சேரும் நாளில் ஒரே ஒரு முறை எச்சில் எடுத்து, நோய் எதிர்ப்புக்கான மரபணுக்களைப் படித்துவிடுவார்கள். நிணநீர்ப் புற்று வர வாய்ப்புள்ள அமைப்பு இருந்தால் மஞ்சள் அட்டை, இல்லாவிட்டால் பச்சை. மஞ்சள்காரர்கள் மாதந்தோறும் ரத்தம் தர வேண்டும். பச்சைக்காரர்கள் ஆயுள் முழுக்க எதுவும் தர வேண்டாம்.

பியூலா மஞ்சள். தில்ஷாத்துக்கு அடுத்த வீடு. அடிப்பாகத்தை ஒட்டும் பசைப் பகுதியில் ஒன்பது வருடமாக இருக்கிறாள். கணவன் இறந்த பிறகு அவளுக்கு இருந்தது ஒரு மகள், ஷாரன். நிறுவனத்தின் பள்ளியில் பத்தாம் வகுப்பு. ஏழாம் வகுப்பில் கணக்கில் தோற்றுக்கொண்டிருந்த பெண் இப்போது வகுப்பில் இரண்டாவது. பெற்றோரின் பெயர் நிறுவனப் பட்டியலில் இருக்கும்வரைதான் பிள்ளைக்குப் பள்ளியில் இடம்.

டிசம்பர் மாதத்து அட்டைக்குப் பிறகு, தொழிற்சாலை மருத்துவமனையிலிருந்து பியூலாவுக்கு அழைப்பு வந்தது.

செவிலியர் குணவதிக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் எப்போதும் விபூதிக் கீற்று. கெட்ட செய்தி சொல்வதற்கு முன் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரச் சொல்வது அவர் வழக்கம். அன்றைக்கும் துடைத்தார்.

"உன் எண் முப்பத்திநாலு பியூலா."

"அப்டின்னா எனக்கு வந்துடுச்சா சிஸ்டர்?"

"வரல. நீ வேலை பார்க்கிற இடத்த வச்சே சொல்றேன், கேளு. ஷூவுக்குப் பேட்டர்ன் இருக்குல்ல, அட்டையில வெட்டி வச்சிருப்பாங்களே. மரபணுன்றது அந்தப் பேட்டர்ன். உன் பேட்டர்ன்ல ஒரு வளைவு வேற மாதிரி இருக்கு. அதனால மட்டும் ஒண்ணும் ஆயிடாது. அந்தப் பேட்டர்ன வச்சு உடம்பு ஒரு நாளைக்கு எத்தன பீஸ் வெட்டுதுன்றதுதான் விஷயம். மாசாமாசம் உன் ரத்தத்துல நாங்க எண்ணுறது அந்தப் பீஸத்தான். இப்ப உன் உடம்பு கொஞ்சம் அதிகமா வெட்டுது. சளி, கவலை, தூக்கமில்லாமை, எதுக்கும் கூடும். தானா குறையவும் குறையும்."

"கொறையலன்னா?"

குணவதி மேசையிலிருந்த விதிப் புத்தகத்தைத் தொட்டார். திறக்கவில்லை. "தொடர்ந்து ரெண்டு மாசம் முப்பதுக்கு மேல இருந்தா ஓய்வுப் பட்டியல். நோய் வர்றதுக்கு முன்னாடியே பசையிலேர்ந்து உன்ன விலக்கிடுவாங்க."

"கம்பெனிப் பட்டியல்லேர்ந்து பேரு போயிடுமா?"

"போயிடும்."

"நாப்பதத் தாண்டினா?"

"அப்ப அது நோய்னு அர்த்தம். வைத்தியம் அவங்க செலவு, பேரும் ஒரு வருஷம் இருக்கும்."

பியூலா யோசித்தாள். "அப்ப நாப்பது வர்றதே மேலு, இல்ல சிஸ்டர்?"

"வாயக் கழுவு," என்றார் குணவதி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த விதிய எழுதினவங்க கெட்டவங்க இல்ல பியூலா. ஒருத்தருக்கும் நோய் வரக் கூடாதுன்னுதான் எழுதினாங்க. நடுவுல நிக்கறவங்கள அவங்க நேர்ல பார்த்திருக்க மாட்டாங்க."

அன்று சாயங்காலம் இரண்டு வீடுகளுக்கும் பொதுவான குழாயடியில் தில்ஷாத் கேட்டாள். "இன்னாடி, மொகம் சுண்டிப் போய் கீது?"

பியூலா சொன்னாள். குடம் நிறைந்து வழிந்ததைக் கூட இருவரும் கவனிக்கவில்லை.

"பரீட்ச எப்போ?"

"ஏப்ரல்லக்கா."

"ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சி. மூணு அட்ட." தில்ஷாத் குழாயை மூடினாள். "என் ரத்தத்த வெச்சிடு."

"இன்னாக்கா சொல்ற?"

"பச்ச ரத்தம்டி. எவனும் கேக்காம சும்மா ஓடிகினு கீது. அந்த மிஷினு எண்ண மட்டுந்தான் பாக்குமாம், யாருதுன்னு பாக்காதாம். சிஸ்டரே ஒரு நா சொல்லிச்சி."

"அது பொய்யிக்கா."

"பொய்தான். மூணு மாசத்துப் பொய். பரீட்ச முடிஞ்சதும் நீயே போயி உன் ரத்தத்த குடுத்துட்டு ஓய்வெடு. நான் எங்க பள்ளிவாசல்ல மன்னிப்பு கேக்கறன். நீ உங்க சர்ச்சுல கேளு. மேல இன்னா ரெண்டு ஆபீசா கீது?"

பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். வீட்டுக்குள்ளிருந்து ஷாரன் அறிவியல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். பியூலா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி முதல் வெள்ளியன்று, தெருப் பெண்கள் எல்லாரும் போன பிறகு, பியூலா தில்ஷாத்தின் விரலைப் பிடித்தாள். தெருவுக்கே குத்திவிடுகிறவள் "யா அல்லாஹ்" என்று போட்ட சத்தத்தில் கூரை மேலிருந்த புறாக்கள் பறந்தன.

"இவ்ளோ வலிக்குமா? பாவம்டி நீங்கள்லாம்," என்றாள்.

ஒரே சொட்டு. அது விரல் நுனியில் திரண்டு, அட்டையைத் தொட்டதும் வட்டத்தின் விளிம்புவரை பரவி நிறைந்தது. பசையில் ஊறி மரத்துப்போன பியூலாவின் விரலை மூன்று முறை பிழிந்தாலும் பாதி வட்டம்தான் நிறையும். அந்த அட்டையில் பியூலா தன் பெயரை எழுதினாள்.

பத்து நாள் கழித்து எண் வந்தது. பன்னிரண்டு.

பிப்ரவரியில் இருபத்தொன்று. "முப்பதுக்குக் கீழதானே," என்றாள் தில்ஷாத். அவள் கொஞ்சம் இளைத்திருந்தாள். தையல் பகுதியில் அவளோடு உட்காருகிறவர்கள் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். தூங்கி எழுந்தால் தலையணை நனைந்திருக்கிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். ஒரு நாள் மருத்துவமனைக்கும் போய் வந்தாள்.

"இன்னா சொன்னாங்கக்கா?"

"கவுன்ட்டர்ல அட்டயக் காட்டினன். பச்சன்னதும் காய்ச்ச மாத்திர குடுத்து அனுப்பிட்டாங்க. சிஸ்டரு அன்னிக்கு லீவு. இவரும் அதான் சொல்றாரு, பச்சக்காரிக்கு இன்னா வந்துடப் போவுது, தைலம் தடவுன்னு."

இவர் என்பது அவள் கணவர் ஜமீல். பேட்டரி ஆட்டோ ஓட்டுகிறவர். குழந்தை இல்லாத அந்த வீட்டில் ஷாரனுக்கென்று ஒரு டம்ளர் தனியாக உண்டு. அதை யாரும் வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்பது ஜமீல் போட்ட உத்தரவு.

மார்ச் மாதம் அந்த வருடம் ரம்ஜானும் கிறிஸ்தவர்களின் தவக்காலமான லெந்து நாட்களும் ஒன்றாக வந்தன. தில்ஷாத் நோன்பு வைத்தாள். பியூலா நாற்பது நாளும் கறியை விட்டிருந்தாள். விடியுமுன் சஹர் உணவு சாப்பிடுவதால் தில்ஷாத்தின் ரத்தத்தை அப்போது எடுக்க முடியாது. அதனால் வியாழக்கிழமை மாலை, நோன்பு திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு, பியூலா ஊசியும் அட்டையுமாக வந்தாள்.

"நோன்புல ரத்தம் எடுத்தா ஆவுமாக்கா?"

"விரல்ல ஒரு சொட்டு எடுத்தா நோன்பு முறியாதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிட்டாரு. அடுத்தவ பேர்ல குடுத்தா முறியுமான்னு நான் கேக்கல. கேட்டா சொல்லிடுவாரு."

குத்தினாள். இந்த முறை தில்ஷாத் கத்தவில்லை. கத்தத் தெம்பில்லாதவள் போல் சுவரில் சாய்ந்திருந்தாள். முக்காடு நழுவியபோது, காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவு வீக்கம் தெரிந்தது.

"இது இன்னாக்கா?"

"நெறி கட்டிகினு கீது. பல்லு வலின்னு நெனக்கறன்."

நோன்பு திறக்கும் நேரத்துக்கான பள்ளிவாசல் சங்கு ஒலித்தது. தில்ஷாத் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, மூடி வைத்திருந்த ஒரு கிண்ணத்தைப் பியூலாவின் பக்கம் தள்ளினாள். பக்கத்துப் பள்ளியின் நோன்புக் கஞ்சியில் கொத்துக்கறி போடுவார்கள். அதனால் ஜமீல் தினமும் பஜார் பள்ளிவரை போய், பியூலாவுக்கும் ஷாரனுக்கும் கறி போடாத கஞ்சி வாங்கி வந்துகொண்டிருந்தார். லெந்து தொடங்கியதிலிருந்து ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இரண்டு பெண்களும் கஞ்சியைக் குடித்தார்கள். அட்டை ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தது.

கடிதம் பதினோராம் நாள் வந்தது. வழக்கமாக எண் கைபேசியில் வரும். இது குணவதி கையெழுத்திட்ட கடிதம்.

'பியூலா அவர்களுக்கு. இந்த மாத அட்டையின் எண் நாற்பத்திநான்கு. உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். வேலூர் மருத்துவமனையில் ஏப்ரல் இருபதாம் தேதி நேரம் கிடைத்துள்ளது. அதற்கு முன்பே தொடங்க முடிந்தால் நல்லது. ஒவ்வொரு வாரமும் முக்கியம். தயவுசெய்து என்னை வந்து பாருங்கள்.' கீழே சிறிய எழுத்தில் விதிகள் இருந்தன. சிகிச்சை பெறுபவரின் பெயர் ஒரு வருடம் பட்டியலில் நீடிக்கும். அவர் தன்னைக் கவனித்துக்கொள்ள ஒருவரைத் துணையாளாக நியமிக்கலாம். இருவருடைய பிள்ளைகளின் படிப்பும் தொடரும்.

பியூலா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். தனக்கு நோய் என்று ஒரு நிமிடம் முழுதாக நம்பினாள். பிறகுதான் அது யாருடைய ரத்தம் என்பது நினைவுக்கு வந்தது.

ஷாரன் பள்ளியிலிருந்து வந்தாள். "அம்மா, ஹால் டிக்கெட் குடுத்துட்டாங்க! என் போட்டோ எப்டி கேவலமா கீது பாரேன்."

"பரீட்சைக்கு எத்தினி நாள்டா இருக்கு?"

"பதினெட்டு."

பியூலா கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்தாள். அங்கே வைத்தது தவறு என்று உடனே தோன்றி, எடுத்து அரிசி டப்பாவின் அடியில் வைத்தாள்.

பதினெட்டு நாள். பேசாமல் இருந்தால் அவள் பெயர் பட்டியலில் இருக்கும். ஷாரன் பரீட்சை எழுதிவிடுவாள். இருபதாம் தேதி வேலூரில் அவள் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, முன்பு வந்த எண் தவறு, கடவுள் காப்பாற்றினார் என்று அனுப்பிவிடுவார்கள். ஒருவருக்கும் எதுவும் தெரியாது. தில்ஷாத்திடம் மட்டும் இப்போதே சொல்லிவிடலாமா? சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று பியூலாவுக்குத் தெரியும். பரீட்சை முடியட்டும்டி என்பாள். வேறு எங்கேயாவது போய்ப் பார்க்கலாம் என்றால், பச்சை அட்டையைப் பார்த்ததும் எந்த ஆஸ்பத்திரியும் இந்தச் சோதனையைச் செய்யாது. காய்ச்சல் மாத்திரைதான்.

பதினெட்டு நாள் பெரிய காலம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு வாரமும் முக்கியம் என்று கடிதத்தில் இருந்ததையும் மறக்க முடியவில்லை.

சங்கு ஒலித்த சிறிது நேரத்தில் வாசலில் குரல் கேட்டது. "பியூலா! கறி இல்லாதது. ஆறிடப் போவுது."

ஜமீலுக்கு அன்று தூரச் சவாரி. அதனால் தில்ஷாத்தே பஜார் பள்ளிவரை நடந்து போய் வாங்கி வந்திருக்கிறாள். அவள் வீட்டு வாசலிலிருந்து பியூலா வீட்டு வாசலுக்கு எட்டு அடி. பியூலா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த எட்டு அடிக்குள் தில்ஷாத் இரண்டு இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, கிண்ணம் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"நீ மொதல்ல நோன்பு தொறந்தியாக்கா?"

"தண்ணி குடிச்சன். இத்த குடுத்துட்டுப் போயி குடிக்கறன்."

மறுநாள் காலை மருத்துவமனை திறக்கும் முன்பே பியூலா அதன் வாசலில் இருந்தாள்.

குணவதி நாற்காலியைத் துடைத்தார். பியூலா உட்காரவில்லை.

"அது என் ரத்தம் இல்ல சிஸ்டர்."

குணவதி துடைத்த துணியை மடித்துக் கீழே வைத்தார். "யாரோடது?"

"தில்ஷாத்தக்காவுது. தையல் பகுதி."

"எத்தன மாசம்?"

"மூணு."

"மூணும் அவங்களோடதேவா? நிச்சயமா?"

"நான்தான் குத்தினன்."

குணவதி கணினியில் மூன்று எண்களையும் வரிசையாகக் கொண்டுவந்தார். பன்னிரண்டு, இருபத்தொன்று, நாற்பத்திநான்கு.

"ஒரே ஒரு அட்டை மட்டும் இருந்திருந்தா, வேலூர்ல காய்ச்சல்னு தள்ளிடுவாங்க. மூணு மாசம் படிப்படியா ஏறினது இருக்கு பாரு, அத யாரும் தள்ள முடியாது."

"பச்சைக்காரங்களுக்கு வராதுன்னாங்களே சிஸ்டர்?"

"அப்படி யாரும் சொல்லல. வாய்ப்பு கம்மின்னாங்க. நாமதான் அத வராதுன்னு ஆக்கிட்டோம். பேட்டர்ன் சரியா இருக்கறவங்ககிட்ட நாங்க பீஸ் எண்ணுறதே இல்ல பியூலா. பேட்டர்ன்ல இல்லாத வேற ஏதோ காரணத்தால அவங்க உடம்பு அதிகமா வெட்டுது. எண்ணாததால இத்தன வருஷம் தெரியல." அவர் தொலைபேசியை எடுத்தார். எண்களை அழுத்துவதற்கு முன் நிறுத்தினார். "நான் இத எழுத்துல போட்டாத்தான் வேலூர்ல அவங்களச் சேர்க்க முடியும். போட்டா உன் வேலை போயிடும். தெரியும்ல?"

"தெரியும்."

"ஷாரன்?"

பியூலா கணினித் திரையிலிருந்த நாற்பத்திநான்கைத் தொட்டுக் காட்டினாள். குணவதி தொலைபேசி எண்ணை அழுத்தினார்.

தில்ஷாத் விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தாள். பிறகு கோபம் வந்தது.

"போயி சொல்லிட்டியா? பதினெட்டு நாளு வாய மூடிகினு இருக்க முடியலயா உன்னால? அந்தப் பொண்ணு ராவும் பகலும் படிச்சது இன்னாத்துக்கு? எனக்கு இன்னாடி, நான் பச்ச!"

"பச்சதான்க்கா. நாப்பத்திநாலு."

தில்ஷாத் தன் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தாள். ஊசி பட்ட இடம் எப்போதோ ஆறிப் போயிருந்தது. "உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு குடுத்தன்," என்றாள் மெதுவாக. "கடசியில உன்னயே கவுத்துடுச்சே இந்த ரத்தம்."

ஜமீல் அலமாரியிலிருந்த தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் புட்டி இல்லை.

அந்த வாரமே தில்ஷாத்தை வேலூரில் சேர்த்தார்கள். ஆரம்ப நிலை, ஆறு சுற்று மருந்து, நன்றாகிவிடும் வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். இன்னும் மூன்று மாதம் விட்டிருந்தால் இப்படிப் பேச முடிந்திருக்காது என்றும் சொன்னார்.

பியூலாவை அதே வாரம் நீக்கினார்கள். அப்போது விதிப்படி அவளுடைய சொந்த ரத்தத்தையும் சோதித்தார்கள். இருபத்தாறு. டிசம்பரில் அவளுக்கு இருந்தது வெறும் சளியாகவே இருந்திருக்கலாம். ஜனவரியில் தன் விரலையே குத்தியிருந்தால் முப்பதுக்குக் கீழே வந்திருக்கும். அந்தப் பொய் தேவையே பட்டிருக்காது. ஆனால் அந்தப் பொய் இல்லாவிட்டால் தில்ஷாத்? இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று பியூலாவுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மன்னிப்பும் நன்றியும் ஒரே ஜெபத்தில் கேட்டாள். எது எதற்கு என்று ஆண்டவரே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

பள்ளியை விட்டு விலக ஷாரனுக்கு வெள்ளிக்கிழமைவரை தவணை கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை பியூலா வேலூருக்குப் போனாள். முதல் சுற்று மருந்து ஏறிக்கொண்டிருந்தது. தில்ஷாத் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் ஜமீல் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா. இதுல உன் முழுப்பேரு கேக்கறாங்க."

"இன்னாத்துக்கு பாய்?"

"தொணையாளு," என்றாள் தில்ஷாத் கண்ணைத் திறக்காமலே. "நோயாளிக்கு ஒருத்தர வெச்சிக்கலாமாம். இவரு வெச்சா சோறு குழைஞ்சிடும். இவரு வாணாம்."

"ஆபீஸ்ல என்ன நீக்கிட்டாங்களேக்கா. ஒத்துக்குவாங்களா?"

"நான் அத்த கேக்காமயா இருப்பன்? சிஸ்டரே வந்து விதிய எடுத்துக் காட்டிச்சி. வேலைக்காரியாதான் உன்ன வெச்சிக்க மாட்டாங்களாம். தொணையாளு யாருன்றது நோயாளி இஷ்டமாம். தொணையாளோட புள்ள படிப்பும் தொடரணுமாம், சின்ன எழுத்துல போட்டு கீதாம்."

அந்தச் சின்ன எழுத்தைப் பியூலா படித்திருந்தாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் படித்ததால் மற்றொரு பக்கமாகப் பார்க்கத் தோன்றவில்லை.

"கோவம் போயிடுச்சாக்கா?"

"போவல. எழுதுடி, கை வலிக்குது எனக்கு."

ஷாரன் தன் பள்ளியிலேயே பரீட்சை எழுதினாள். அந்த நாட்களில் பியூலா வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்ததால் ஜமீல்தான் ஷாரனைக் கொண்டுபோய் விட்டார், கூட்டி வந்தார். கணக்குப் பரீட்சையன்று மூன்று மணி நேரமும் ஆட்டோவைப் பள்ளி வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஒரு சவாரியும் ஏற்றாமல் உட்கார்ந்திருந்ததாக ஷாரன் சொன்னாள்.

செப்டம்பரில் தில்ஷாத்தின் ஆறு சுற்றும் முடிந்தன. தலையில் முடி குச்சி குச்சியாக முளைக்கத் தொடங்கியிருந்தது. ஷாரன் பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். வாணியம்பாடியில் இருந்த இன்னொரு கிளைக்குக் குணவதியை மாற்றியிருந்தார்கள். போவதற்கு முந்தின நாள் அவர் தில்ஷாத் வீட்டுக்கு விடைபெற வந்தார். பியூலா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இருவரும் சிரித்தார்கள்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்," என்றாள் பியூலா. "அன்னிக்கு என் ரத்தம் இல்லன்னு சொன்னதும், வேற யாரா இருந்தாலும் ஏன்டி இப்டி செஞ்சன்னு கேட்டிருப்பாங்க. நீங்க யாரோடதுன்னு கேட்டீங்க."

குணவதி டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உன் அட்டையில பாதி வட்டத்துக்கு மேல ரத்தம் நான் பார்த்ததே இல்ல பியூலா. ஒன்பது வருஷமா. ஜனவரியில விளிம்புவரைக்கும் நிறைஞ்சு வந்துச்சு."

"அப்பவே தெரியுமா?"

"உன்னோடது இல்லன்னு தெரியும். யாரோடதுன்னு தெரியாது. ஷாரன் பத்தாவதுன்னும் தெரியும். அதான் பேசாம இருந்துட்டேன். அது இரக்கம்னு நினைச்சேன். மார்ச்சில நாப்பத்திநாலு வந்தப்பதான் எனக்கு உசுரே போச்சு. யாரோ ஒரு ஆளு, உடம்புல இத வச்சுக்கிட்டு எங்கேயோ நடமாடிட்டு இருக்கு. பேரு தெரியாது. உன்னக் கூப்பிட்டு மிரட்டிக் கேட்டா நீ பயந்துபோய், என்னோடதுதான்னு சாதிச்சிடுவேன்னு தோணுச்சு. அதனால கடிதம் போட்டேன். உன் பேரு எழுதித்தான் அனுப்பினேன். ஆனா அது அந்த ஆளுக்கு எழுதினது. நீ கொண்டுபோய்ச் சேர்ப்பியான்னுதான் சாமி விளக்கு முன்னாடி உட்கார்ந்துட்டிருந்தேன்."

"நான் சேக்காம இருந்திருந்தா?"

"அத நானும் பல நாள் யோசிச்சேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு முன்னாடியே தெரியும்னு அறிக்கையில நானும் எழுதிட்டேன். வாணியம்பாடி அதுக்குத்தான். பரவாயில்ல, அங்கேயும் விரல் இருக்கும்."

தில்ஷாத் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏன் சிஸ்டர், எனக்குன்னு எழுதின லட்டர இவ அரிசி டப்பாவுக்குக் கீழ வெச்சிருந்தாளாம். இன்னும் எங்கிட்ட குடுக்கல," என்றாள்.

அடுத்த முதல் வெள்ளிக்கிழமை காலை. தில்ஷாத்துக்கு இப்போது மஞ்சள் அட்டை. தெருப் பெண்கள் வழக்கம் போல அவள் வாசலில் கூடினார்கள். ஆனால் அவள் கை இன்னும் நடுங்கியதால் ஊசி பியூலாவிடம் இருந்தது. மருத்துவமனை வாசலில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். விருப்பமுள்ள பச்சை அட்டைக்காரர்களும் ரத்தம் வைக்கும் அட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று குணவதி போவதற்கு முன் போராடி வாங்கிய அனுமதி. நானூறு பச்சைக்காரர்களில் ஏழு பேர் வாங்கியிருந்தார்கள். ஏழு பேரும் இந்தத் தெரு; தெருவில் இருந்த பச்சைக்காரர்கள் மொத்தமும் அவர்கள்தான். முதல் முறை என்பதால் பயந்துபோய் வரிசையின் கடைசியில் நின்றார்கள்.

"கண்ண மூடுக்கா," என்றாள் பியூலா.

"நான் கத்த மாட்டன். இத்தினி ஊசி போட்டவளுக்கு இது இன்னா?"

குத்தினாள். தில்ஷாத் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன. கடைசியில் நின்ற ஏழு பேரில் ஒருத்தி நழுவப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

சொட்டு அட்டையில் பரவி விளிம்புவரை நிறைந்தது. பியூலா அதன் மேலே பெயரை எழுதினாள். தில்ஷாத்.

தெருவில் அன்று எந்த வீட்டிலிருந்தும் இன்னும் டீ வாசனை வரவில்லை.